உறையும் இரத்தமும் உயிர் எனும் அமானிதமும்

(ரமளானை முன்னிட்டு நடைபெற்ற ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரை)

புகழனைத்தும் ஏக வல்லோன் அல்லாஹ்வுக்கே உரியன. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

மாரடைப்பு, பக்கவாதம் என்னும் இரு நோய்களைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். மருத்துவம் மருத்துவர்களின் துறை. அதில் தலையிடுவது என் நோக்கமன்று. ஆயினும் இந்நோயாளிகளும் அவர்தம் மக்களும் மார்க்கத்தின் பெயரால் எழும் ஐயங்களைச் சுமந்து இமாமிடம் வருகின்றனர். நோன்பில் மாத்திரையை நிறுத்தலாமா? இன்ன ஊசி ஆகுமா? ஹிஜாமா செய்துகொள்ளலாமா? இவற்றிற்குத் தவறான விடை கிடைத்தால் போவது ஓர் உயிர். ஆகவேதான் இவ்வுரை.

சகோதரர்களே! விரலில் கத்தி பட்டால் இரத்தம் வழிகிறது. சிறிது நேரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் விரைந்து வந்து காயத்தை அடைக்கின்றன. அவற்றின் மேல் ஃபைப்ரின் என்னும் நார் வலைபோல் படர்ந்து இறுகுகிறது. இந்த உறைதல் இல்லையெனில் சிறு கீறலும் உயிரைக் குடித்துவிடும். இது அல்லாஹ்வின் பேரருள்.

அதே உறைதல், காயமில்லாத இடத்தில், ஓடும் குழாயின் உள்ளேயே நிகழ்ந்தால் ஆபத்தாகிறது. புகைப்பழக்கம், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிவு சேர்கிறது. ஒருநாள் அப்படிவு வெடிக்கிறது. உடல் அதைக் காயமென்று கருதி அங்கே இரத்தத்தை உறைய வைக்கிறது. இதயத்திற்கு உணவூட்டும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பக்கவாதம். இதயத் துடிப்பு ஒழுங்கின்றிப் போகும் சிலருக்கு, இதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று அடைப்பதும் உண்டு.

இதயம் தனக்கான உணவைத் தன் தசையில் ஓடும் குழாய்கள் வழியாகவே பெறுகிறது என்பதை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் இப்னுந் நஃபீஸ் (ரஹ்). திமிஷ்கில் கற்று, கெய்ரோவில் மருத்துவப் பணியாற்றி, 1288-இல் மறைந்த அப்பெருந்தகை, ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் அறிஞரும் ஆவார். மார்க்கமும் மருத்துவமும் ஒருவரிடமே இணைந்திருந்த மரபு நம்முடையது. அவ்விரண்டையும் மோதவிடுவது அறியாமையே.

இனி ஐயங்களுக்கு வருவோம்.

முதலாவது, நோன்பு. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் பலர் நம் மஹல்லாவில் உள்ளனர். இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியவர்களும், செயற்கை வால்வு வைத்தவர்களும் இம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், பொருத்திய அவ்விடத்திலேயே இரத்தம் உறையக்கூடும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவை பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை உண்பவை. மருத்துவர் இசைந்தால் நோன்பு திறந்தபின் உட்கொள்ளலாம். இருவேளை மருந்தெனில் நேரத்தை மருத்துவரே மாற்றித் தரவேண்டும். ஆகவே ஷஃபான் மாதத்திலேயே அவரைச் சந்தியுங்கள். நோன்பு கூடாதென அவர் கூறினால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்ளுங்கள். குணமானபின் களாச் செய்யலாம். குணமாகும் வாய்ப்பில்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். நோன்பு வைத்திருக்கும்போது நெஞ்சுவலி வந்தால், மஃக்ரிப் வரை பொறுத்திருப்பது பேணுதலாகாது. உடனே நோன்பை முறித்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, ஹெப்பாரின் ஊசி. மருத்துவமனையின் தாழ்வாரத்தில் நின்றபடி ஒரு மகன் நள்ளிரவில் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இந்த ஊசி பன்றியிலிருந்து எடுப்பதாமே, அத்தாவுக்குப் போடச் சம்மதிக்கலாமா?" அவர் கேட்டது உண்மையே. இன்று கிடைக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்தே எடுக்கப்படுகிறது. இதைப் பற்றி ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 2003-ஆம் ஆண்டு மக்காவில் கூடிய தனது 17-ஆம் அமர்வில் ஆய்ந்தது. போதிய பயன் தரும் ஹலாலான மாற்று இல்லாதபோது, தேவையான அளவுக்கு மட்டும் இவ்வகை ஹெப்பாரினைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தது. நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்னும் ஃபிக்ஹ் விதி நாம் அறிந்ததே. செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபொண்டாபாரினக்ஸ் என்னும் ஊசியும் உண்டு; அது நோயாளிக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பொருந்தாதெனில் தயங்காதீர்கள். "போடச் சொல்லுங்கள் தம்பி, காலம் தாழ்த்தாதீர்கள்" என்பதே அவருக்கு நான் அளித்த விடை.

மூன்றாவது, ஹிஜாமா. அது சுன்னத்தான சிகிச்சை என்பதில் ஐயமில்லை. ஆனால் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரின் தோலைக் கீறினால் குருதி எளிதில் நிற்காது. அவர்கள் மருத்துவரின் அனுமதியின்றிச் செய்துகொள்ளக் கூடாது. செய்பவரும் முதலில் இதைக் கேட்டறிவது கடமை. கருஞ்சீரகமோ பூண்டோ உண்பதால், எழுதித் தந்த மாத்திரையை நிறுத்துவதும் தவறு.

நான்காவது, விதி. "வருவது வரட்டும், அல்லாஹ் இருக்கிறான்" என்று வீட்டிலேயே கிடப்பது தவக்குல் அன்று. கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டிற்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். மருந்தும் அவன் விதித்ததே.

அன்பர்களே! முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிடமும் மூளையில் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். சிலருக்குப் பக்கவாதம் அடைப்பினால் அன்றி, இரத்தக் கசிவினால் வருகிறது. எனவே பக்கவாதத்திற்கு வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்; வாயில் நீரும் ஊற்றாதீர்கள். ஓதி ஊதுங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் 108-ஐ அழைத்துவிட்டுச் செய்யுங்கள்.

நடு நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். அதை வாயு என்று எண்ணிச் சோடா குடித்து, இரவெல்லாம் கழிக்காதீர்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்தைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழி செய்யப்பட்டது.

ஜமாஅத்தார்களுக்கு இரு வேண்டுகோள்கள். இரவில் வாகனத்துடன் உதவ முன்வரும் இளைஞர்களின் பெயர்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். நாற்பதைக் கடந்த ஒவ்வொருவரும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டைக் கைவிடுங்கள். நோன்பின் பகலில் அதை விட முடிந்தவருக்கு இரவிலும் விட முடியும், இன்ஷா அல்லாஹ்.

உயிர் நமக்குச் சொந்தமன்று. திருப்பிக் கேட்கப்படும் அமானிதம். அதைப் பேணிக் காத்து ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்குவானாக! நம்மிடையே நோயுற்றிருப்போர்க்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.