புளி தட்டுகிற கைக்குப் பொடி இடிக்கத் தெரியாதா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

சேமிப்பு, உள்கடன், தவணை பற்றியெல்லாம் பிரதிநிதிகள் பேசிவிட்டார்கள். நாங்கள் இன்றைக்கு உங்க அடுப்பங்கரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்காதீங்க, இதுவும் வரவு செலவு விஷயம்தான்.

களப்பணிக்கு வீடு வீடாகப் போகும்போது ஒன்றைக் கவனிக்கிறோம். மாசி, பங்குனியில் கிருஷ்ணகிரிப் பக்கம் பல தெருக்களில் திண்ணை நிறையப் புளி கிடக்கும். ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டி, கிலோ கணக்கில் கூலி வாங்குகிறீர்கள். அதே வீட்டுக்குள்ளே போனால் ரசப்பொடி, புளியோதரை மிக்ஸ் என்று சின்னப் பாக்கெட் சரமாகத் தொங்குகிறது. குறை சொல்லவில்லை. விடியும் முன்னே கம்பெனி பஸ் வந்து நிற்கிற வீட்டில், அம்மியில் உட்கார்ந்து அரை என்று யார் சொல்ல முடியும்? களப்பணியாளர்கள் எங்கள் வீடுகளிலும் அதே சரம்தான் தொங்கியது.

ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பாக்கெட்டின் பின்னால் எடை போட்டிருக்கும். 5 ரூபாய்க்கு 8 கிராம் என்றால் ஒரு கிலோ 625 ரூபாய் ஆகிறது. 5 ரூபாய் என்று பார்க்கும்போது தெரியாது. பெரிய பாக்கெட் கிலோவுக்கு மலிவு. அதை வாங்க மொத்தமாகப் பணம் இல்லாததால்தான் சின்னதை வாங்குகிறோம். சீட்டுப் பணம் சேர்க்கத் தெரிந்த நமக்கு, மல்லியும் மிளகாயும் சேர்ந்து வாங்கத் தெரியாதா?

காசு மட்டும் இல்லை. தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு வீட்டில் பார்த்தோம். மாமியார் கேழ்வரகுக் களி கிண்டி வைத்திருந்தார். கம்பெனி வேலைக்குப் போகிற பேத்தி, "தொட்டுக்க என்ன இருக்கு?" என்று கேட்டது, பதில் வரும் முன்னாடியே நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று நாங்கள் எத்தனை பயிற்சியில் சொல்லியிருக்கிறோம்! அந்தப் பெண்ணுக்குச் சத்துக் கணக்கு தெரியாமல் இல்லை. களிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை, அதுதான் காரணம். அப்போது பக்கத்து வீட்டு அக்கா ஒரு டப்பா கொண்டு வந்தார். உச்செள்ளுப் பொடி. களியில் குழி பறித்து, பொடி போட்டு, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கொடுத்தார். நூடுல்ஸ் அப்படியே கிடந்தது.

உச்செள்ளு தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். எள் மாதிரி, ஆனால் கறுப்பாக, ஒல்லியாக, பளபளவென்று இருக்கும். பேயெள்ளு என்றும் சொல்வார்கள். நம்ம மலைக்காட்டுப் பயிர். காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் 'பையூர் 1' என்று இதில் ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. செய்முறை சுலபம். 200 கிராம் எடுத்துக் கல், மண் நீக்கி, வெறும் சட்டியில் சிறு தீயில் வறுங்கள். படபடவென்று வெடித்து வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். காய்ந்த மிளகாய் பத்து, கொட்டை பாக்களவு நார் நீக்கிய புளி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, மூன்றையும் ஈரம் போக வறுத்து, உப்பு சேர்த்து முதலில் அரைத்துக்கொள்ளுங்கள். உச்செள்ளைக் கடைசியில் போட்டு ஓட்டி ஓட்டி எடுங்கள். மிக்ஸியை விடாமல் ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும். பூண்டு போட்டால் ருசி, ஆனால் நாள் தாங்காது. அன்றன்றைக்குத் தட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வித்துப் பொடி எதுவானாலும், எள்ளோ கடலையோ, பதினைந்து நாளுக்கு மேல் சிக்கு வாடை அடிக்கும். கொஞ்சமாகச் செய்யுங்கள். கடலையில் சுருங்கினது, பூசணம் பிடித்தது இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்பது தப்பு. அந்த நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

அடுத்தது குழம்புப் பொடி. ஒரு கிலோவுக்கு மல்லி 500 கிராம், மிளகாய் 250, கடலைப்பருப்பு 75, துவரம்பருப்பு 75, சீரகம் 40, மிளகு 30, விரலி மஞ்சள் 20, வெந்தயம் 10. வெந்தயம் சிவந்தால் போதும், கறுத்தால் ஒரு கிலோவும் கசக்கும். மிளகாயில் பாதி பேடகி போட்டால் நிறம் வரும், காரம் அடங்கும், மீதி குண்டூர். கன்னடம் பேசுகிற வீடுகளில் இதிலேயே கொப்பரையும் பட்டையும் சேர்த்துச் சாறுக்குப் பொடி செய்கிறார்கள். எல்லைப்புறத்தில் இருப்பதில் இது ஒரு லாபம், ஒரே தெருவில் மூன்று மொழிப் பொடி கிடைக்கும்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில வருஷம் முன்னாடி ஒரு குழுவை நாங்களே தூண்டி மசாலாப் பொடித் தொழில் ஆரம்பிக்க வைத்தோம். இரண்டு நாள் பயிற்சி, கடன், அழகான லேபிள். ஐப்பசி மழையில் மிளகாய் சரியாகக் காயவில்லை. மில்லில் அரைத்த சூட்டோடு பாக்கெட்டில் அடைத்தோம். மூன்று வாரத்தில் உள்ளே வியர்த்து, கட்டி தட்டி, பூசணம். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டு வந்தார்கள். சரக்கு போனது, தவணை நிற்கவில்லை. அந்த அக்காக்கள் கூலிக்குப் போய்க் கடனை அடைத்தார்கள். அதற்கு நாங்கள்தான் பொறுப்பு. அரைத்த பொடியைத் துணியில் பரப்பி முழுசாக ஆறவிட்ட பிறகே அடைக்க வேண்டும் என்கிற ஒரு வரியைப் பயிற்சியில் நாங்கள் அழுத்திச் சொல்லவில்லை.

பெங்களூரில் 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர். ஓட்டல், 1975-ல் நெருக்கடி நிலை வந்து ஓட்டலில் கட்டுப்படியாகாமல் போனபோது பொடி, மிக்ஸ் விற்கத் திரும்பியது. அவர்களுக்கு முன்னாடியே ஐம்பது வருஷச் சமையல் அனுபவமும் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். நமக்கு அது இல்லை. அதனால் விற்பனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். விற்கத்தான் வேண்டுமென்றால் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு, லேபிளில் எடை, தேதி எல்லாம் வேண்டும். அதைத் தனியாகப் பேசுவோம்.

அந்தக் குழு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இன்றைக்கும் பொடி அரைக்கிறார்கள், ஆனால் தங்கள் வீடுகளுக்கு மட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் இல்லாத நாள். இரண்டு பேர் கிருஷ்ணகிரி போய் மொத்த விலையில் சாமான் வாங்குகிறார்கள், இரண்டு பேர் காயவைக்கிறார்கள், மற்றவர்கள் வறுக்கிறார்கள். மில்லுக்கு ஒரே நடை. எடை போட்டுப் பங்கு பிரித்து, செலவைக் குழுப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பாக்கெட் சரம் அந்த வீடுகளில் இல்லை.

முழுசாக வாங்கி அரைப்பதில் இன்னொரு நிம்மதி, கலப்படம். 2005-ல் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் சூடான் சாயம் கலந்திருந்ததுதான் காரணம். பாக்கெட்டில் வாங்குகிற மஞ்சள் தூளைச் சோதிக்க, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போடுங்கள். நல்ல தூள் இளமஞ்சளாகக் கீழே படியும். தண்ணீர் அடர்மஞ்சளாகிவிட்டால் சந்தேகப்படுங்கள்.

ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்கள் மட்டும் உப்பைப் பொடியில் சேர்க்காமல் வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்க வீட்டுப் பொடியை ஒரு சின்ன டப்பாவில் கொண்டு வாருங்கள். போட்டி இல்லை, பரிசும் இல்லை. களி கிண்டுவது எங்கள் பொறுப்பு. அஞ்செட்டி, தளி பக்கத்து உறுப்பினர்கள் உச்செள்ளு நாலு படி கூடுதலாக எடுத்து வாருங்கள், ஓசூர் குழுக்கள் கேட்டிருக்கிறார்கள். இனாமாகக் கொடுக்க வேண்டாம், விலை சொல்லிக் கொடுங்கள்.