திருவிழாவுக்கு ஏற்ற ஒலிபெருக்கி
(ஆவூரில் ஆற்றிய உரை)

நம்ம ஆவூர் பெரியநாயகி மாதா கோயில் திருவிழாவுக்கு மைக்செட் பேசும்போது, "எத்தனை வாட்ஸ்?"னு கேட்கிறோம். "எங்கே வைப்பீங்க?"னும் கேளுங்க.

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒரே இடத்தில் பெரிய பாக்ஸ்களை அடுக்கினால் முன்வரிசைக்குக் காது அடைக்கும். பின்வரிசைக்குப் பேச்சு புரியாது. சிறிய பாக்ஸ்களைப் பரவலாக, கூட்டத்தைப் பார்த்து வையுங்க. கூம்புக்குழாய் வேண்டாம், சத்தம் அடுத்த ஊர் வரை போகும்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் முன் அனுமதி தேவை. குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், படுக்கையில் இருக்கிற தாத்தாவும் நம்ம ஊர்க்காரங்கதானே?