வலிப்பு வந்தவரின் கண்ணைப் பார்த்தோமா?



நரம்பியல் மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசுவது நம் பக்கத்தில் அரிது. அதுவும் கல்லூரி அரங்கை விட்டு, மலையடிவாரத்துக் குரங்கணிக்கு வந்து பேசுவது மிக அரிது. இடத்தைத் தேர்ந்தவர்களைப் பாராட்டுகிறேன். விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு கடந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களும், முதுவாக்குடியிலிருந்து மருந்துக்கு இறங்கி வருகிறவர்களும் நம்மிடம் கேட்பதைத்தான் நாம் இன்று விவாதிக்கப் போகிறோம்: “இழுப்பு வந்தா கண்ணு போயிருமா டாக்டர்?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலிப்பு மட்டும் ஒருவரை நிரந்தரமாகக் குருடாக்குவது மிக அபூர்வம். வலிப்பைக் கொண்டுவந்த நோயும் அதற்குக் கொடுக்கும் மருந்தும்தான் பெரும்பாலும் பார்வையைப் பறிக்கின்றன. இரண்டையும் முன்கூட்டியே கண்டுகொள்ள முடியும். ஆனாலும் தவறவிடுகிறோம்.

பார்வை முடிவாக உருப்பெறும் இடம் பிடரிப்பக்கத்து மூளை. அங்கே வலிப்பு கிளம்பினால் கை கால் இழுக்காமலே போகலாம். வண்ண வண்ண வட்டங்கள், பெரும்பாலும் ஒரே பக்கத்தில், சில விநாடிகள் சுழன்று மறையும். சிலருக்குக் கண் இருண்டுவிடும். ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியோ கோணல்மாணலான கோடாகத் தொடங்கி, பல நிமிடங்கள் மெல்லப் பரவும். நோயாளி இரண்டையுமே “கண்ணுல பூச்சி பறக்குது” என்றுதான் சொல்வார். என்ன நிறம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று நாம் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். வலிப்பு ஓய்ந்தபின் கை விழுந்து மீள்வதை ராபர்ட் பென்ட்லி டாட் 1849இல் விளக்கினார். அதுபோலவே பார்வையும் சில நிமிடங்கள், சில மணி நேரம், சிலசமயம் சில நாட்கள்கூட மங்கியிருந்து திரும்பும். இதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவைத்தால் பாதி பயம் தீரும். ஆனால் நிற்காமல் தொடரும் வலிப்பு வேறு. அது மூளையையே சேதப்படுத்தும், அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது என் மனம் கனக்கிறது. பிறந்த ஓரிரு நாளில் பால் போதாமல் ரத்தச் சர்க்கரை வெகுவாக இறங்கினால், முதலில் அடிபடுவது பெரும்பாலும் அதே பின்மூளைதான். மாதங்கள் கழித்து அந்தக் குழந்தைக்கு வலிப்பு வருகிறது. தாயின் முகத்தையும் பார்ப்பதில்லை. கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு “கண்ணில் கோளாறு இல்லை” என்கிறார். அது உண்மைதான், கண் நன்றாகவே இருக்கிறது. வலிப்பால் பார்வை போயிற்று என்று வீட்டார் நம்புகிறார்கள். ஒரே காயம் இரண்டையும் தந்தது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் கொடுக்க வைக்கும் கிராம சுகாதார செவிலியர் வலிப்பையும் பார்வைக் குறையையும் சேர்த்தே தடுக்கிறார். அவர் பெயர் எந்த மருத்துவக் குறிப்பிலும் ஏறுவதில்லை.

அடுத்தது நாடாப்புழு. சி.டி. ஸ்கேன் வந்தபோது, வலிப்பு நோயாளிகளின் மூளையில் தெரிந்த சிறு வளையத்தைக் காசநோய்க் கட்டி என்றே நம் நாட்டில் பரவலாகக் கருதி மருத்துவம் செய்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அவற்றை எடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்புழு தங்கிய நீர்ப்பை என்று 1991இல் காட்டினார்கள். தமிழ்நாட்டு மண்ணில் பிறந்து உலக மருத்துவத்தை மாற்றிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே இதை எண்ணுகிறேன். பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் இது வரும். புழு உள்ள ஒருவரின் மலத்தால் மாசுபட்ட தண்ணீரும் பச்சைக் காய்கறியும் போதும். தோட்டத்து லயங்களில் கழிப்பறை கேட்பது வலிப்பைத் தடுக்கும் மருத்துவமே.

அதே புழு கண்ணுக்குள்ளும் குடியேறும். விழித்திரைக்கு அடியில் அந்த நீர்ப்பை விளக்கொளி பட்டதும் அசைவதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அது சாகும்போது எழும் அழற்சிதான் பார்வையைக் கெடுக்கிறது. கண்ணில் புழு இருப்பது தெரியாமல் மூளைப் புழுவுக்காக அல்பெண்டசோல் கொடுத்தால், அந்தச் சாவை நாமே விரைவுபடுத்துகிறோம். எனவே முதல் மாத்திரைக்கு முன் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். இது உலக வழிகாட்டு நெறிகளிலும் இருக்கிறது. ஆனால் நரம்புக்குக் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி, கண்ணுக்குத் தேனி அரவிந்த் என்று அலைந்தால் இரண்டு நாள் கூலி போகும். இரண்டாவது நாள் வராதவரை அலட்சியக்காரர் என்று எழுதிவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

மருந்துகளுக்கு வருகிறேன். பினிடோயின், கார்பமசிபைன் அளவு கூடினால் உருவம் இரண்டாகத் தெரியும். அளவைச் சரிசெய்தால் போய்விடும். டோபிரமேட் தொடங்கிய சில வாரங்களுக்குள் இரு கண்ணும் வலித்து மங்கினால், கண் அழுத்த நோய் என்று லேசருக்கு அனுப்புமுன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். விகாபட்ரின் பார்வையின் ஓரங்களைச் சுருக்குவதாக 1997இல் அறிக்கை வந்தது. அந்தச் சுருக்கம் திரும்பாது, நோயாளிக்கே தெரியாமல் நடக்கும். ஆயினும் கைக்குழந்தைகளின் வெட்டு வலிப்புக்கு அது அருமருந்து. அடக்காத வெட்டு வலிப்பும் மூளையைக் கெடுக்கும். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுப்போம், கண்ணைச் சோதித்தபடி கொடுப்போம். மெய்யான காசநோய்க் கட்டிக்கு எத்தாம்பியூட்டால் கொடுக்கும்போது சிவப்பு, பச்சை நிறங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் கேட்போம். எந்த மாத்திரையையும் நோயாளி தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

இன்னும் இரண்டைக் குறிப்பிடாமல் விட முடியாது. ஏலத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்தவருக்குக் கண் மங்கி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, வலிப்பும் வந்தால் அது பூச்சிமருந்து நஞ்சு. உடனே அட்ரோபின் வேண்டும். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி, கண் தெரியாமல் வலிப்பும் வந்தால், மக்னீசியம் சல்பேட் கொடுத்து அழுத்தத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பார்வை சில நாட்களில் திரும்பிவிடும்.

பிற்பகல் அமர்விடம் நான் கேட்பது ஒரு பக்கத் தாள். வலிப்பு நோயாளியின் சீட்டில் பார்வைக் கூர்மை, பார்வைப் புலம், விழித்திரை ஆகிய மூன்றுக்கும் இடம் இருக்கட்டும். காரணம் புரியாத பார்வைக் குறைக்கு வருகிறவரின் கண் சீட்டில் “வலிப்பு உண்டா, என்ன மாத்திரை?” என்ற கேள்வி இருக்கட்டும். இரண்டு பரிசோதனையும் ஒரே நாளில், போடி அரசு மருத்துவமனையிலேயே நடக்க என்ன செய்யலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். மாலையில் கலையுமுன் அதில் நாம் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

முதல் கட்டுரை பச்சிளங்குழந்தைகளின் ரத்தச் சர்க்கரை பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.