நாற்கால் யந்திரம்

‘ரோபோ’ என்னும் சொல்லை ‘யந்திர மனிதன்’ என்று பெயர்த்துச் சொல்லி நாம் பழகிவிட்டோம். ஆனால் நான்கு கால்களில் நடந்து வரும் ரோபோவை மனிதன் என்றழைக்க நமக்கு நா எழுவதில்லை. சொல்லின் மூலத்தைத் தேடினால் அங்கே மனிதனும் இல்லை, யந்திரமும் இல்லை. செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தின் வாயிலாகப் பரவிய சொல் அது. அதற்கு வேரான செக் சொல் கட்டாயமாக வாங்கப்படும் உழைப்பைக் குறிப்பது. நம் கல்வெட்டுக்கள் ‘வெட்டி’ என்று சொல்வதும் அத்தகைய உழைப்பையே.

அவ்வுழைப்பை ஏற்கும் யந்திரத்துக்குக் கால்கள் எதற்கு? சக்கரம் பாதையை வேண்டுவது. காலுக்கோ அடி ஊன்றச் சிறிது இடம் போதும். ஆலைகளிலுள்ள படிக்கட்டுகளும் வாயிற்படிகளும் மனிதன் நடப்பதற்கென்று அமைந்தவை. அங்கே சக்கரம் தயங்கி நின்றுவிடும்.

எனினும், காலை அமைப்பதினும் அதை நிலைநிறுத்துவதே அரிது. 1960-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் நான்கு கால்களில் நடக்கும் வண்டி ஒன்றைச் செய்தனர். உள்ளே அமர்ந்தவர் தம் கைகளாலும் கால்களாலும் அதன் நான்கு கால்களையும் இயக்க வேண்டும். வண்டி நடந்தது, ஆனால் ஓட்டியவர் விரைவில் களைத்துப்போனார். சமநிலை காக்கும் பாரம் மனிதன் மீதே தங்கிவிட்டது.

1980-களில் மார்க் ரெய்பர்ட் என்பார் ஒற்றைக் காலில் துள்ளும் யந்திரத்தைக் கொண்டு ஆராய்ந்தார். சாயும்போதெல்லாம் அடுத்த அடியைத் தக்க இடத்தில் வைப்பதே நடையின் இரகசியம் என்பது விளங்கிற்று. இன்றைய நாற்கால் யந்திரங்கள் பலவற்றில் காலுக்கு மூன்றாகப் பன்னிரண்டு மோட்டார்கள் உள்ளன. கணிப்பொறி விநாடிக்குப் பல நூறு தடவை சாய்வை அறிந்து திருத்துகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2019-இல் காட்டிய சிறு யந்திரத்தின் எடை ஏறக்குறைய 9 கிலோவே. நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இத்தகைய யந்திரம் உருவாகியுள்ளது. கணிதத்தையும் இயக்கவியலையும் ஏட்டில் மட்டும் கண்ட மாணவன், அவை எழுந்து நடப்பதை இங்கே காண்கிறான்.

ஆலைகளுக்கு வருவோம். 2018-இல் வட கடலிலுள்ள மின்மாற்று மேடை ஒன்றில் சுவிட்சர்லாந்து நாட்டு நாற்கால் யந்திரம் தானே சுற்றி வந்து கருவிகளைப் பார்வையிட்டது. அதனினும் நம் நெஞ்சைத் தொடுவது செர்னோபில். 1986-இல் அங்கே அணு உலை வெடித்தபோது, கூரைமேல் சிதறியவற்றை அகற்ற அனுப்பிய யந்திரங்கள் கதிர்வீச்சால் செயலற்றன. பின்னர் மனிதர்களே மண்வாரிகளுடன் ஏறினர். ‘உயிருள்ள ரோபோக்கள்’ என்றே அவர்களை அழைத்தனர். 2020-இல் அதே வளாகத்தில் நாற்கால் யந்திரம் ஒன்று கதிர்வீச்சை அளந்தவண்ணம் நடந்தது. மனிதன் சுமந்த பெயர் அன்றே யந்திரத்துக்கு உரியதாயிற்று எனலாம்.

ஆயினும் இதன் எல்லையையும் நாம் மறத்தலாகாது. மின்கலம் தீர்ந்தால் யந்திரம் படுத்துவிடும். குழாயின் வெப்பத்தை அது அளந்து சொல்லும். அவ்வெப்பம் எதன் அறிகுறி என்பதை, பல்லாண்டு அவ்வாலையில் உழைத்த தொழிலாளி அறிவார். ஆபத்தை யந்திரத்திடம் ஒப்படைக்கும் நாம், அவருடைய அனுபவத்தையும் பிழைப்பையும் அதனுடன் தள்ளிவிடலாகாது. யந்திரம் கொணரும் செய்தியைப் படிக்கும் இருக்கையில் அவரை அமர்த்துவதே முறை. வெட்டிவேலை யந்திரத்துக்கு ஆகட்டும். வேலை மனிதனுக்கு இருக்கட்டும்.