மண்டபம் யாருக்கு?

 

எழுத்துரிமை பற்றிப் பேசப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ் நிலத்தில் இல்லை. 1908இல் ‘இந்தியா’ இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் சென்னையில் கைதானபின், இதழை உண்மையில் நடத்திவந்த பாரதி அடைக்கலம் தேடி வந்தது இங்கேதான். அதே ஆண்டு அக்டோபரில் இதழும் இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; 1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் குடியேற்றங்களுக்கும் பொருந்தியது. அச்சகத்துக்குப் பூட்டு விழவில்லை. ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். பிரிட்டிஷ் அரசு இதழை உள்ளே வரவிடாமல் தடுத்தது, தபாலில் போன பிரதிகளைப் பறித்தது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. புதுச்சேரி அடைக்கலம் தந்த கதையைப் பெருமையோடு சொல்கிற நாம், இந்தப் பிற்பாதியைச் சொல்வதில்லை. எழுதுபவரிடமிருந்து படிப்பவரிடம் போகும் வழியை அடைத்துவிட்டால், எழுத்துக்குத் தனியாகத் தடை போட வேண்டியதில்லை.

இன்று அந்த வழி பல நேரங்களில் ஒரு மண்டபம்தான். 2018 ஆகஸ்டில் பாண்டி லிட் ஃபெஸ்ட் என்ற இலக்கிய விழா நடக்கவிருந்தபோது, அது வலதுசாரிப் பரப்புரைக்கான மேடை என்று எழுத்தாளர்களும் முற்போக்கு அமைப்புகளும் எதிர்த்தார்கள். இடம் கொடுக்க இருந்த பிரெஞ்சுப் பண்பாட்டு நிறுவனமான அலியான்ஸ் பிரான்சேஸ் விலகிக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. எதிர்த்தவர்களின் அரசியல் கவலை எனக்கும் உண்டு. விழாவைப் புறக்கணிக்கலாம், வாசலில் துண்டறிக்கை கொடுக்கலாம், போட்டி விழாவே நடத்தலாம். அவ்வளவும் அவர்களின் உரிமை. ஆனால், இடமே கொடுக்காதே என்று மண்டபக்காரரை நெருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வழக்கம் ஊன்றிவிட்டால், ஆள்பலமும் அதிகாரமும் உள்ளவர்களுக்கே அது உதவும். 2024 மார்ச்சில் புதுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் நடித்த ‘சோமாயணம்’ நாடகம் ராமாயணத்தை இழிவுபடுத்துகிறது என்று கிளம்பியவர்கள் மாணவர்மேல் வழக்குவரை கொண்டுபோனார்கள். அங்கே மாணவர் பக்கம் நிற்கிற நாம், 2018ஐப் பற்றியும் நேர்மையாகப் பேசியாக வேண்டும்.

ஆள்பலம் என்ன செய்யும் என்பதற்குச் சான்றாக, எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2010இல் வந்த அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கொளுத்தப்பட்டது. கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. ஒரு பக்கம் திரண்ட கூட்டம், மறுபக்கம் ஓர் எழுத்தாளர். நிபந்தனையற்ற மன்னிப்பும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் எழுதி வாங்கப்பட்டன. அரசாணை எதுவும் இல்லை, நீதிமன்றத் தடையும் இல்லை. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுத வந்தார். இடையில் போன ஒன்றரை ஆண்டை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் நம்மிடம் ஓரளவு இருக்கிறது. நடக்காமல் போன கூட்டங்களின் பட்டியல் இல்லை. அவை எழுத்தில் நிற்பதே குறைவு. “மேல இருந்து சொல்லிட்டாங்க சார், அட்வான்ஸைத் திருப்பித் தந்துடறோம்” என்று ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்துபோகும். அழைப்பிதழ், ரத்தான ரசீது, காவல் நிலையம் திருப்பி அனுப்பிய மனு ஆகியவற்றைத் தேதியோடு சேருங்கள். எந்தக் கட்சி நெருக்கியது என்று பார்த்து விட்டுவிடாதீர்கள். நமக்குப் பிடிக்காதவரின் கூட்டம் நின்றிருந்தாலும் பதியுங்கள். நாளை மாலை நிறைவு அமர்வில் இந்தத் தொகுப்பை எந்த நூலகத்தில் வைப்பது என்று முடிவு செய்வோம்.

முதல் அமர்வைத் தொடங்கலாம். கட்டுரையாளர்கள் மேடைக்கு வருக.