நான்கெழுத்துத் திருப்பெயர்

எபிரேயத் திருமறையில் ஏறத்தாழ 6,800 இடங்களில் இறைவனின் தனிப்பெயர் யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே யூதர்கள் அச்சமும் பக்தியும் கொண்டு அதனை வாய்விட்டு உச்சரிப்பதைப் படிப்படியாகக் கைவிட்டு, அவ்விடங்களில் 'என் ஆண்டவர்' எனப் பொருள்படும் 'அதோனாய்' என்ற சொல்லை வாசிக்கலாயினர். அந்த வழக்கத்தைப் பேணுவதா, மறைந்த பெயரை மீட்பதா என்பதில் கிறிஸ்தவர்கள் இன்றும் வேறுபடுகின்றனர்.

மறைந்துபோனது ஒலியே என்பதால் மீட்பு எளிதன்று. இடைக்காலத்தில் உயிர்க்குறிகளை இட்டுவந்த மசோரெட்டுகள் எனும் யூத அறிஞர்கள் 'அதோனாய்' என்று வாசிக்க நினைவூட்டும் குறிகளையே அந்நான்கு எழுத்துகளோடு சேர்த்தனர். இரண்டையும் கூட்டிப் படித்ததில் பிறந்ததே 'யெகோவா' என்னும் வடிவம். 'யாவே' என்பதே மூல ஒலிக்கு நெருங்கியது என இன்றைய அறிஞர் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரெட் என்ற ஆயர் சமாரியரின் உச்சரிப்பைப் பற்றி எழுதிய குறிப்பும் அதற்குத் துணை நிற்கிறது.

மொழிபெயர்ப்புகளும் ஒரே வழியில் சென்றதில்லை. 1901ஆம் ஆண்டின் அமெரிக்கத் திருத்தப் பதிப்பு 'யெகோவா' என்பதைப் பழைய ஏற்பாடு முழுவதும் இட்டது. அதன் வழிவந்த 1952ஆம் ஆண்டுப் பதிப்போ, பல தெய்வங்களுள் ஒருவரைப் பிரித்துக் காட்டுவதுபோல ஏக இறைவனுக்குத் தனிப்பெயர் வழங்குவது திருச்சபையின் பொது நம்பிக்கைக்கு ஒவ்வாது எனக் கூறி, 'ஆண்டவர்' என்ற சொல்லுக்கே திரும்பியது. 1966ஆம் ஆண்டின் கத்தோலிக்க ஜெருசலேம் விவிலியம் 'யாவே' என அச்சிட்டது. ஆயினும் 2008இல் வத்திக்கான், அப்பெயரை வழிபாட்டிலும் பாடல்களிலும் உச்சரிக்கலாகாது என ஆயர்களுக்கு அறிவுறுத்தியது.

தமிழிலும் இதன் சுவடு உண்டு. 1871ஆம் ஆண்டின் கூட்டுத் திருப்புதல் பெரும்பாலும் 'கர்த்தர்' என எழுதினாலும், யாத்திராகமம் ஆறாம் அதிகாரத்தில் 'யேகோவா' என்ற பெயரையே வைத்துள்ளது. 1995இல் வந்த திருவிவிலியம் 'ஆண்டவர்' என்கிறது.

அமெரிக்காவில் 1930களில் எழுந்த திருநாம இயக்கத்தார் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். எபிரேய வடிவங்களைத் தவிர வேறெதுவும் கூடாது என்று கூறிய அவர்களுள் சிலர், 'இயேசு' என்பதன் கிரேக்க வடிவமான 'இயேசூஸ்', சீயுஸ் என்னும் கிரேக்கக் கடவுளின் பெயரிலிருந்து வந்தது என்றும் வாதிட்டனர். இவ்வாதம் வரலாற்றின் முன் நிற்காது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே, எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், மோசேக்குப் பின் இஸ்ரவேலரை வழிநடத்திய யோசுவாவின் பெயரை அதே 'இயேசூஸ்' என்ற வடிவத்தில்தான் எழுதினர். புதிய ஏற்பாட்டின் எபிரேயர் நிருபத்தில் நான்காம் அதிகாரமும் யோசுவாவை அப்படியே குறிப்பிடுகிறது.

பழைய கிரேக்கச் சுருள்கள் சிலவற்றில் நான்கெழுத்துப் பெயர் எபிரேய எழுத்திலேயே நிற்பது மெய். திருநாமப் பற்றாளரின் வலுவான சான்று அதுவே. ஆனால் இன்று கிடைக்கும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கக் கையெழுத்துப் படிகள் எதிலும் அது இல்லை. ஆண்டவருடைய பெயரைக் கூப்பிடுகிற எவரும் மீட்படைவர் என்னும் யோவேல் தீர்க்கரின் வாக்கில் எபிரேயத்தில் உள்ளது அந்நான்கெழுத்துப் பெயரே. உரோமையர்களுக்கு எழுதும்போது அதே வாக்கை எடுத்தாளும் பவுலின் நிருபத்தில் காணப்படுவதோ, 'ஆண்டவர்' எனப் பொருள்படும் 'கூரியோஸ்' என்னும் கிரேக்கச் சொல். எபிரேயம் நன்கறிந்த அப்போஸ்தலரின் நிருபமே இவ்வாறிருக்க, எபிரேய ஒலியை மீட்புக்கு நிபந்தனையாக்க எவருக்கும் உரிமையில்லை. அன்பினால் அப்பெயரைத் தம் தனிச் செபத்தில் சொல்வோரைத் தடுக்கவும் காரணமில்லை. ஆயினும் யூதர்கள் உடனிருக்கும் இடத்தில், அதனை உச்சரியாமல் காத்துவந்தவர்களின் பக்தியைக் கிறிஸ்தவர்கள் மதித்து நடப்பதே தகும்.