தாவர உணவும் ஆளி விதையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழா மேடையில் எண்ணெயையும் விதையையும் பற்றிப் பேசப் புகுந்தது எதற்காக என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் உண்டு. நாகபுரியில் குடியேறி வாழும் நம் இல்லங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் சிலர், புலாலை மட்டுமன்றிப் பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விலக்கித் தாவர உணவொன்றையே கொள்வோம் என உறுதி பூண்டுள்ளனர். இக்கொள்கையினர் 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தமக்கு ‘வீகன்’ என்று பெயரிட்டுக்கொண்டனர். அப்பெயரே இன்று உலகெங்கும் வழங்குகின்றது.

“நெய் இல்லாமல் மூளைக்கு வலு ஏது? கண் பார்வை என்னாகும்?” என்று பாட்டிமார் கலங்குகின்றனர். “கன்றுக்கு உரிய பாலை நாம் ஏன் பறிக்க வேண்டும், பாட்டி?” என்று பேரப்பிள்ளைகள் வினவுகின்றனர். இரு பக்கத்திலும் நிற்பது அன்பே. ஆயினும், வீட்டில் கருவுற்ற மருமகளோ பாலூட்டும் மகளோ இக்கொள்கையை மேற்கொண்டிருப்பாளாயின், இவ்வழக்கு வெறும் சொற்போராக நின்றுவிடாது. ஓர் இளங்குழந்தையின் நலமும் அதிலே அடங்கியுள்ளது. ஆதலின், கொழுப்பைப் பற்றி அறிவியல் கூறுவதை அமைதியாக ஆராய்தல் நம் கடமையாகும்.

நம் உடல், தனக்கு வேண்டிய கொழுப்புகளுள் பெரும்பாலானவற்றைச் சோற்றிலும் சர்க்கரையிலும் இருந்து தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் உடையது. இரண்டை மட்டும் அதனால் ஆக்க இயலாது. அவற்றுள் ஒன்று லினோலீயிக் அமிலம். மற்றொன்று ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். முன்னதை ஒமேகா-6 வகை என்றும், பின்னதை ஒமேகா-3 வகை என்றும் கூறுவர். இவை உணவின் வழியாகவே வந்து சேர வேண்டும். ஆகவே இவற்றிற்கு இன்றியமையாக் கொழுப்பமிலங்கள் என்று பெயர்.

இவ்வுண்மை எளிதில் புலப்பட்டதன்று. அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் கணவனும் மனைவியும் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவை ஊட்டிச் சோதித்தனர். எலிகளின் தோல் செதில் செதிலாயிற்று, வளர்ச்சி குன்றியது, சிறுநீரகம் பழுதுற்றது. இதனை அவர்கள் 1929ஆம் ஆண்டில் வெளியிட்டனர். லினோலீயிக் அமிலம் அந்நோயைத் தீர்த்தமை அடுத்த ஆண்டில் தெரியவந்தது.

ஒமேகா-3 வகையின் தேவை மனிதரிடத்தே புலப்படப் பின்னும் அரை நூற்றாண்டு சென்றது. வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரத்தக் குழாயின் வழியாகவே உணவைச் செலுத்தி வந்தனர். அவ்வுணவில் கலந்திருந்தது குசும்பா எண்ணெய். இம்மாநிலத்தார் கர்டி என்பது அதுவே. அதில் ஒமேகா-6 மிகுதி. ஒமேகா-3 மிக அரிது. சில திங்களில் அச்சிறுமிக்கு உடல் மரத்தது, கால் வலித்தது, நடக்க இயலவில்லை, பார்வையும் மங்கிற்று. சோயா எண்ணெய் கலந்த உணவுக்கு மாற்றிய பின் அத்துன்பங்கள் நீங்கின. ரால்ஃப் ஹோல்மனும் உடனாய்ந்தோரும் 1982இல் வெளியிட்ட செய்தி இது. அக்குழந்தைக்கு எண்ணெய்க்குக் குறைவிருந்ததில்லை. எண்ணெயின் வகையிலேதான் குறை இருந்தது. இதை நாம் நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

இனி நம் அடுப்பங்கரைக்கு வருவோம். நல்லெண்ணெயில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் லினோலீயிக் அமிலம் உண்டு. ஆல்ஃபா லினோலெனிக் அமிலமோ ஒரு பங்கிற்கும் குறைவு. கடலை எண்ணெயில் முன்னது ஏறக்குறைய 30 பங்கு. பின்னது இல்லையென்றே கூறலாம். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் முன்னது ஏறக்குறைய 60 பங்கு, பின்னது பெயரளவே. தேங்காயெண்ணெயில் முன்னதும் சிறிது, பின்னது இல்லை. தாளிப்பு, வதக்கல், பொரியல், இட்லிப் பொடிக்குக் குழைக்கும் எண்ணெய் என நாள்தோறும் எண்ணெய் புழங்கும் நம் வீடுகளில், ஒமேகா-6 வகைக்குப் பஞ்சமில்லை. ஒமேகா-3 வகையே பஞ்சம். உடல் இவ்விரண்டையும் ஒரே நொதிகளைக் கொண்டு மாற்றியமைப்பதால், ஒன்று அளவு மீறினால் மற்றதற்கு இடம் குறைந்துவிடுகின்றது.

பாட்டிமார் நம்பும் நெய் இக்குறையை நீக்குமா? நெய்யிலும் இவ்வகைக் கொழுப்பு மிகச் சிறிதளவே உள்ளது. ஆதலின், மீன் உண்ணாத வீட்டில் நெய் உண்ணும் பாட்டியும் நெய்யை விலக்கிய பேரனும் இவ்வொரு செய்தியில் ஏறக்குறைய ஒரே நிலையினரே ஆவர். வழக்காடும் இருவருக்கும் வேண்டிய மருந்தும் ஒன்றே.

அம்மருந்து நெடுந்தொலைவில் இல்லை. நாம் குடியேறி வாழும் இவ்விதர்ப்ப மண்ணே அதனை விளைவிக்கின்றது. மழைக்காலம் ஓய்ந்தபின் விதைத்து, நீலப்பூப் பூத்து, வேனில் தொடங்குமுன் அறுவடையாகும் ஆளி விதையே அது. மராட்டியர் ஜவஸ் என்பர். இந்தி பேசுவோர் அல்சி என்பர். இத்வாரிக் கடைத்தெருவில் அதனை எளிதாக வாங்கலாம். ஆளி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமே. அமெரிக்க மருத்துவக் கழகத்தார் வகுத்த அளவுப்படி, நாளொன்றுக்கு ஆடவர்க்கு 1.6 கிராமும், பெண்டிர்க்கு 1.1 கிராமும், கருவுற்றோர்க்கு 1.4 கிராமும் இவ்வமிலம் வேண்டும். அரைத்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 7 கிராம், 1.6 கிராம் அமிலத்தைத் தந்துவிடும்.

நம் அண்டை வீட்டு மராட்டியத் தாய்மார், ஆளி விதையை வறுத்து, மிளகாய், பூண்டு, சீரகம், உப்பு சேர்த்து இடித்துச் சட்னி என்று சோள ரொட்டியுடன் உண்பதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றோம். நம் எள்ளுப் பொடிக்கு அஃது உடன்பிறந்தாள் போன்றது. இட்லி மிளகாய்ப் பொடியில் எள்ளோடு ஆளி விதையையும் சேர்த்தால் போதும். குழந்தைகளும் வேற்றுமை உணரார்.

செய்முறையில் சில கருத்துகள் உண்டு. விதையை முழுதாக விழுங்கினால் அது பெரும்பாலும் செரிக்காமலே கழிந்துவிடும். ஆகவே அரைத்தே உண்ண வேண்டும். அரைத்த பொடி காற்றுப் பட்டால் விரைவில் காறல் அடையும். ஆதலின் ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் அரைத்து, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தல் நலம். இளவறுப்பே போதும், கருக விடலாகாது. ஆளி எண்ணெயைப் பொரிப்பதற்குப் பயன்படுத்தற்க. மரச்சாமான்களுக்கு மெருகிட வண்ணக் கடையில் விற்கும் ஆளி எண்ணெய் உண்ணத் தக்கதன்று. அதனைச் சமையலறைக்குள் கொண்டுவருதல் கூடவே கூடாது.

ஆளி விதை ஒவ்வாதார்க்கு வேறு வழிகளும் உள. நான்கு அக்ரூட்டின் பருப்பு ஒரு நாளைக்குப் போதிய அளவைத் தரும். சோயா எண்ணெயில் நூற்றுக்கு 7 பங்கும், கடுகெண்ணெயில் சுமார் 10 பங்கும் இவ்வமிலம் உண்டு. ஆயின் கடுகெண்ணெயில் எரூசிக் அமிலமும் மிகுதியாதலின், அதனையே முழுதும் நம்பாமல் பிற எண்ணெயோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் நன்று. 1998இல் தில்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே முத்திரையிட்ட புட்டியையன்றி வாங்கலாகாது. உளுந்திலும், ராஜ்மாவிலும், கீரைகளிலும் சிறு சிறு அளவில் இவ்வமிலம் கிடைக்கின்றது. குன்னூரில் 1918இல் தோன்றி, 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும், ஒரே எண்ணெயில் நில்லாது பலவகை எண்ணெய்களைப் பயன்படுத்துமாறே அறிவுறுத்துகின்றது.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. மூளையிலும் விழித்திரையிலும் நிறைந்திருப்பது டி.எச்.ஏ. என்னும் நீண்ட ஒமேகா-3 கொழுப்பு. ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்திலிருந்து உடல் இதனை ஆக்க வல்லதாயினும், ஆகும் அளவு மிகச் சிறிது. தாவர உணவினரின் இரத்தத்தில் இது குறைந்து காணப்படுவதும் உண்மை. ஆகவே, பாட்டிமாரின் கவலை முற்றும் பொருளற்றதன்று. மீனிடத்தே இக்கொழுப்பு வந்தது எங்ஙனம்? கடலிலுள்ள நுண்பாசிகளே அதன் ஊற்று. மீன் அவ்வழியே பெற்றதேயாம். அப்பாசியிலிருந்தே நேராக எடுத்த எண்ணெய் இப்போது குளிகையாகக் கிடைக்கின்றது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமேனும் டி.எச்.ஏ. பெறுதல் வேண்டும் என்பது உலக அமைப்புகளின் வல்லுநர் கருத்து. இத்தகையோர் மருத்துவரைக் கலந்து பாசிக் குளிகையை மேற்கொள்ளுதல் தக்கது. குளிகையின் உறை விலங்குப் பொருளால் ஆயதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். சுருள்பாசி மாத்திரையும் பாசிதானே என்று எண்ணற்க, அதில் டி.எச்.ஏ. இல்லையென்றே கூறலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாது இவற்றைத் தொடங்கலாகாது.

அன்பர்களே! பிள்ளைகளின் கொள்கையைப் பெரியோர் பழிக்க வேண்டா. பெரியோரின் கவலையைப் பிள்ளைகள் இகழ வேண்டா. பால் வேண்டா என்னும் பிள்ளை, தனக்கு வேண்டியதை அறிந்து நாள்தோறும் உண்ணும் பொறுப்பையும் ஏற்கட்டும். அன்னையர் அப்பொறுப்பிற்குத் துணை நிற்கட்டும். தாயகத்திலிருந்து நாம் கொண்டுவந்த எள்ளோடு, நம்மை வாழவைக்கும் இம்மண்ணின் ஆளியும் நம் உரலில் சேர்ந்து இடிபடட்டும். அந்தப் பொடி பாட்டியின் இலையிலும் பேரனின் இலையிலும் ஒருங்கே இடம் பெறுமாயின், இன்று நாம் பேசியதன் பயன் கைகூடியதாகும்.